வாசல் கல்லுக்கு ஒரு அடி

பிப்ரவரி 6

அம்மாடி,

உன் அத்தை எழுதறேன். நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். இங்க யாரும் சாகலை. அதை முதல்ல சொல்லிட்டா மீதியை நீ நிதானமாப் படிப்பேன்னுதான். சாகலை, ஆனா அதுக்குப் பக்கத்து வீடு வரைக்கும் போயிட்டு வந்துட்டோம்.

போன்ல சொல்லியிருக்கலாம். எனக்கும் உங்கப்பாவுக்கும் நடுவுல ஒரு செங்கல் சுவர்தானே இருக்கு, நான் இருமினாக்கூட "யாரு கிட்ட பேசறே"ன்னு கேக்கறாரு. பேனா சத்தம் போடாது. நீ பதிலைத் தையல் கடை விலாசத்துக்கு எழுது. தையக்காரம்மா யாருகிட்டயும் சொல்ல மாட்டா. அவ வாயில எப்பவும் குண்டூசி.

நம்ம அம்மன் கோவில் திருப்பணி நடக்குது. உங்கப்பாதான் கமிட்டித் தலைவர். சுத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு, கோபுரத்துக்குச் சாரம், தரைக்குப் புதுக் கல்லுன்னு மனுஷன் காலையில போனா ராத்திரிதான் வர்றாரு. மார்ச் ரெண்டாம் தேதி வேலை முடிஞ்சு ஊருக்கே நடை திறக்கறாங்க. அதுவரைக்கும் ரெண்டு வேளை பூஜைக்கு மட்டும் உள்ள விடறாங்க.

என் பொண்ணுக்கு ஒரு ஆசை. குழந்தையை ஒரு தடவை அம்மன் முன்னால படுக்க வெச்சு எடுக்கணும்னு. உனக்குத்தான் தெரியுமே, அவ வாழ்க்கைப்பட்டது 'கதவு திறந்தவன் வீடு'. அந்த வீட்டாளுங்க யாரும் வாசலைத் தாண்டி உள்ள வந்ததில்லை. தெருவுலயே நின்னு கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க.

கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்றேன், சொல்லாம எனக்குக் கை ஓடாது. படை வந்தப்போ முன் கதவு யானை முட்டியும் அசையலை. பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டது காவக்காரன். உள்ள வந்தவனுங்க அம்மன் காலைக் கட்டிக்கிட்டு இருந்த பூசாரியை அங்கேயே வெட்டினானுங்க. உடம்பு கீழ விழுந்தும் புடிச்ச கை விடலை. கையைத் தனியா அறுத்தானுங்க. மடப்பள்ளிப் பொம்பளைங்களை, வேண்டாம், எழுத வரலை. தலைங்களைப் படிக்கு ஒண்ணா வெச்சுட்டுப் போனானுங்க. தப்பிச்ச ஜனம் திரும்பி வந்து காவக்காரனை வாசல்ல கட்டிப்போட்டு ஆளுக்கு ஒரு கல்லால அடிச்சாங்க. அடிக்க அடிக்க இறுகி, கல்லாவே ஆயிட்டான். அதான் வாசல்ல இடுப்பு உயரத்துக்கு நிக்கற கல்லு. மேல இருக்கற உருண்டைக் கல்லை எடுத்து ஒரு அடி போட்டுட்டுத்தான் உள்ள போறோம். எனக்கு நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து போடறேன். பொண்ணு அந்த வீட்டுக்குப் போனப்புறம் கொஞ்சம் மெதுவாப் போடறேன், அவ்வளவுதான்.

உங்கப்பா காலைப் புடிக்காத குறையாக் கேட்டேன். "சரி, கூட்டிட்டு வா"ன்னுட்டாரு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. மாப்பிள்ளை, அவரு தம்பி சுருட்டை, என் பொண்ணு, குழந்தை, நான், அஞ்சு பேரும் குளிச்சிட்டுப் போறோம். வாசல்ல உங்கப்பா கையைக் குறுக்க நீட்டினாரு.

"வரட்டும். சந்தோஷம். குழந்தை கையால ஒரு அடி போடச் சொல்லு, அப்புறம் உள்ள போகட்டும்."

மாப்பிள்ளை, "மாமா, வேண்டாம்"னாரு. மெதுவாத்தான் சொன்னாரு.

"உன் பாட்டனை அடிக்கச் சொல்லலைப்பா. பாவத்தை அடிக்கச் சொல்றேன்."

"அவளுக்குக் கல்லைப் புடிக்கவே தெரியாது, மாமா."

"நான் புடிக்க வைக்கிறேன்"னு சொல்லி உங்கப்பா குழந்தை கையை இழுத்து, அந்த உருண்டைக் கல்லை வெச்சு அமுக்கி, தன் கையால ஒரு அடி. நடுவுல மாட்டினது பிஞ்சு விரல். நகம் பேந்து ரத்தம். என் பொண்ணு போட்ட சத்தத்துல சாரத்துல இருந்தவங்க இறங்கி வந்துட்டாங்க.

சுருட்டை விறுவிறுன்னு போனான். கொத்தனார் சாத்தி வெச்சிருந்த சம்மட்டியை எடுத்தான். "அடிக்கணும், அவ்வளவுதானே மாமா? நல்லாவே அடிக்கிறேன்"னு ஓங்கிப் போட்டான். கல்லுல ஒரு மூலை பேந்து மணல் குவியல்ல போய் விழுந்துச்சு. அப்புறம் சாரக் கம்பு. எத்தனை பேர் அடிச்சாங்கன்னு தெரியாது, நான் அவன் மேல விழுந்து படுத்தேன், என்னையும் உருட்டிவிட்டு அடிச்சாங்க. கம்பு நுனியில இருந்த ஆணி அவன் இடது கண்ணுல இறங்கிடுச்சு. கண்ணு போச்சும்மா. இருபத்திரண்டு வயசுப் பையன்.

மாப்பிள்ளை அன்னையிலேர்ந்து யாரோடயும் உக்காந்து சாப்பிடறதில்லை. லாரிப் பட்டறையில வேலை முடிஞ்சும் வீட்டுக்கு வராம ஒரு பழைய இரும்புப் பட்டையைக் கத்தி மாதிரி அறுத்துத் தீட்டிட்டு இருக்காரு. என்னன்னு கேட்டேன். "நடை திறக்கற அன்னைக்குப் பாருங்க அத்தை"ங்கறாரு.

ஒருத்தர் கூடப் பொறந்தவர். ஒருத்தர் என் பொண்ணு தாலி. நான் யாருக்குன்னு அம்மன்கிட்ட வேண்டுவேன்? நீ கல்லுல எழுதினதைப் படிக்கிற உத்தியோகம் பாக்கறே. உங்கப்பாவுக்கு ஒரு வார்த்தை எழுது. நீ சொன்னா கேப்பாரு. கேக்கலைன்னாலும் யோசிப்பாரு.

உன் அத்தை

•

பிப்ரவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். குழந்தையின் விரல் வரை படித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். பிறகு வந்து மீதியைப் படித்தேன்.

அப்பாவுக்கு எழுத மாட்டேன். நான் வேலைக்குக் கிளம்பிய அன்று கதவைச் சாத்தியவர் அவர். நிலைச்சட்டத்தில் என் விரல்கள் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினார். இன்றும் நடுவிரல் மடங்கவில்லை. என் சொல்லை அவர் யோசிப்பார் என்று நீங்கள் நம்புவது உங்கள் நல்ல மனம்.

ஆனால் வேறு ஒன்று செய்யலாம். அந்தக் கல்லின் கீழ்ப்பகுதியில் கீறல்கள் உண்டு என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதில் மாப்பிள்ளை வீட்டுக் குலப்பெயர் இருப்பதாகப் பழைய பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சொன்னார் என்றுதானே எல்லாரும் சொல்வார்கள்? அவர் பெயரை மட்டும் படித்தாரா, முழுவதும் படித்தாரா? யாரும் கேட்டதில்லை. தினமும் இதே வேலையைச் செய்கிற நானும் கேட்டதில்லை. வீட்டு வாசலில் இருப்பதைப் படிக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அந்த எழுத்தைத் தாளில் ஒற்றி மைப்படி எடுத்து அனுப்புங்கள். தாளும் மையும் தூரிகையும் இத்துடன் வருகின்றன. கல்லை நன்றாகக் கழுவுங்கள். தாளை நனைத்து எழுத்தின் மேல் ஒட்டுங்கள். தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஈரம் பாதி காய்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு மேலே ஒற்றுங்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். காய்ந்ததும் உரித்துவிடலாம். உடைந்து விழுந்த மூலையும் கிடைத்தால் அதற்கும் ஒன்று.

கதையைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் படை, எந்த அரசன் என்று நீங்கள் சொல்லவில்லை. யாரும் சொல்வதில்லை. ஆனால் பூசாரியின் கை எப்படி அறுபட்டது என்று எல்லாருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையிடம் எதுவும் சொல்லாதீர்கள். கல்லில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்

•

பிப்ரவரி 19

அம்மாடி,

உன் தாளும் மையும் வந்துச்சு. உன் வேலை இப்படின்னு தெரிஞ்சிருந்தா உனக்கு அப்பவே ஒரு துணி துவைக்கிற கல்லு வாங்கிக் குடுத்திருப்பேன். இடுப்பு விட்டுப்போச்சு.

மத்தியானம், வேலைக்காரங்க சாப்பிடப் போற நேரமாப் பாத்துப் போனேன். கல்லைக் கழுவினேன். தாளை ஒட்டித் தட்ட ஆரம்பிச்சா, போற வர்றவங்களுக்கெல்லாம் நான் துரோகியை அடிக்கிறேன்னு நினைப்பு. பால்காரர் நின்னு, "ஏம்மா, சம்பந்தி வீடுன்னு நீங்க விட்டுக்குடுக்கவே மாட்டேங்கறீங்களே, அடிங்க, நல்லா அடிங்க"ன்னு பாராட்டிட்டுப் போறாரு. நான் என்னத்தைச் சொல்ல. "அம்மன் பாத்துப்பா"ன்னேன்.

முதல் தாளை உரிக்கப் போறப்போ உங்கப்பா வந்துட்டாரு.

"என்ன பண்றே?"

"கழுவறேன் அண்ணே. திருப்பணி நடக்குதுல்ல."

"மையால கழுவறியா?"

தாளைப் புடிச்சு ரெண்டாக் கிழிச்சாரு. நான் கல்லைக் கட்டிப்புடிச்சுக்கிட்டேன். தோளைப் புடிச்சு இழுத்ததுல முகம் கல்லுல மோதி, கீழ் உதடு பல்லுல குத்திக் கிழிஞ்சுபோச்சு. வேணும்னு செய்யலை. அவரு கை எப்பவும் அவருக்கு முன்னால போயிடும், உனக்குத் தெரியாததா. "யாரு சொல்லி இதைப் பண்றே?"ன்னாரு. வாய் முழுக்க ரத்தம், அதனால பதில் சொல்லாம தப்பிச்சேன்.

மறுநாள் மறுபடி போனேன். இந்தத் தடவை கொத்தனாரே தண்ணி ஊத்தினாரு. அவருக்கு மனசு கேக்கலை, அவரு சம்மட்டியாலதானே எல்லாம் ஆச்சுன்னு. உடைஞ்ச துண்டை மணலைச் சலிச்சு எடுத்துக் குடுத்ததும் அவருதான். ரெண்டு தாளும் சேலைக்குள்ள சுத்தி வெச்சிருந்தேன், ஓரத்துல வேர்வை பட்டிருக்கும், மன்னிச்சுக்கோ.

இன்னொண்ணு நடந்துச்சு. ஞாயித்துக்கிழமை பட்டப்பகல்ல ஒரு பத்துப் பேர் என் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கானுங்க. மாப்பிள்ளை பட்டறையில. வாசக் கதவைக் கீலோட பேத்துத் தெருவுல போட்டு எரிச்சிருக்கானுங்க. "திறக்கறவங்க வீட்டுக்குக் கதவு எதுக்குடி"ன்னு கேட்டானாம் ஒருத்தன். சுருட்டை கட்டுப் போட்ட கண்ணோட தடுக்கப் போனான், எரியற பலகையை எடுத்து அவன் முதுகுல தேச்சிருக்கானுங்க. இப்போ வாசல்ல போர்வை தொங்குது. நாய் வருது, பூனை வருது. என் பொண்ணு குழந்தையை இடுப்பை விட்டு இறக்கறதே இல்லை.

உங்கப்பாகிட்ட கேட்டேன். "நான் எரிக்கச் சொல்லலை"ங்கறாரு. எரிக்காதேன்னும் சொல்லலை.

மாப்பிள்ளை அந்தக் கத்திக்குப் பிடி போட்டுட்டாரு. சைக்கிள் ட்யூபைச் சுத்தி, கை வழுக்காதபடி. அவ்வளவு நேர்த்தியாச் செய்யறாரு.

சீக்கிரம் படிச்சுச் சொல்லு. எழுத்துல என்ன இருந்தாலும் சரி. காவக்காரன் திறந்தான்னே இருந்தாலும் சரி, மாப்பிள்ளை மனசு ஆறற மாதிரி ஒரு வார்த்தை அதுல இருக்காதா? கல்லு அம்மன் வாசல்ல நிக்கறதாச்சே.

உன் அத்தை

•

பிப்ரவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் உதட்டுக்கு மருந்து போடுங்கள். அப்பாவுக்காக நீங்கள் காரணம் தேட வேண்டாம்.

மைப்படி மிக நன்றாக வந்திருக்கிறது. என்னுடன் வேலை செய்கிறவர்கள் யார் எடுத்தது என்று கேட்டார்கள். அத்தை என்றேன்.

அலுவலகத்தில் மூவர் தனித்தனியாகப் படித்தோம். ஒரே மாதிரிதான் படித்தோம். இன்றைய பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்: "அம்மனின் மணியைப் படை கொண்டு போனது. வாயிலைக் காத்து அங்கேயே இறந்தவனின் மகன், மணிக்குப் பதிலாக இந்த ஓசைக்கல்லை நட்டுக் கொடுத்தான். வருகிறவர்கள் ஒரு தடவை தட்டி, அம்மனைக் கூப்பிட்டு, உள்ளே போகவும்." கொடுத்தவனின் பெயர் உடைந்த துண்டில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக் குலப்பெயர்தான்.

அத்தை, அது மணி. சில கற்களுக்கு ஓசை உண்டு. கீழே குழி விட்டு நட்டுத் தட்டினால் வெண்கலம் போலப் பேசும். அப்படி ஒரு கல்லைத் தேடிக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். பிறகு எப்போதோ தரைக்குச் சுண்ணாம்பு போட்டிருக்கிறார்கள், அதன்பின் சிமெண்ட். கல் வாய் அடைத்துப்போனது. படிக்கத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். அடியும் ஒரு பெயரும் மட்டும் மிஞ்சின. அடி அந்தப் பெயருக்குத்தான் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அதற்குப் பொருத்தமாகக் கதை வளர்ந்திருக்கிறது. இவ்வளவு காலம் அந்த வீட்டார் கொடுத்த மணியை அடித்துக்கொண்டே அந்த வீட்டாரை வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

பக்கத்துக் கதவை யார் திறந்தார்கள் என்று கல் சொல்லவில்லை. நட்டவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் அப்பா அங்கேதானே செத்தார். ஆனாலும் எழுதவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இடம் இருந்தது, இரண்டு வரி காலியாகவே இருக்கிறது.

நான் படித்ததை அலுவலக முத்திரையோடு தனித்தாளில் வைத்திருக்கிறேன். முதலில் மாப்பிள்ளையிடம் காட்டுங்கள். கத்தியைக் கீழே வைத்துவிடுவார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்

•

பிப்ரவரி 28

அம்மாடி,

நீ படிச்சவ, ஆனா உனக்குக் கோவம்னா என்னன்னு தெரியலை.

உன் தாளைப் படிச்சிட்டு நான் முதல்ல அழுதேன். பூஜை அலமாரி முன்னால உக்காந்து, எத்தனை வருஷம் அம்மனைக் கூப்பிட்டுட்டு, கூப்பிட்டது தெரியாமலே உள்ள போயிருக்கேன்னு நினைச்சு அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிட்டு ஓட்டமும் நடையுமாப் பட்டறைக்குப் போனேன். லாரிக்கு அடியில படுத்திருந்தாரு. குனிஞ்சு உக்காந்து, அங்கேயே படிச்சுக் காட்டினேன். கால் மட்டும்தான் எனக்குத் தெரியுது. ரெண்டு காலும் அப்படியே நின்னுபோச்சு.

வெளிய வந்தாரு. மறுபடி படிக்கச் சொன்னாரு. படிச்சேன். சிரிப்பாருன்னு நினைச்சேன்.

"அப்போ நாங்க ஒண்ணும் பண்ணலை."

"ஆமா மாப்பிள்ளை, அம்மன் கண்ணைத் திறந்துட்டா."

"எங்கப்பா சாகறப்போக்கூட, நாம செஞ்சதுக்குத்தான் அனுபவிக்கிறோம், பொறுத்துப்போங்கடான்னு சொன்னாரு. அதனாலதான் பொறுத்தோம். கடன்னு நினைச்சுப் பொறுத்தோம் அத்தை. இப்போ கடனே இல்லைங்கறீங்க. அப்போ என் தம்பி கண்ணு எதுக்குப் போச்சு?"

ஒரு பிடி கோவமா இருந்தது ஒரு அண்டாவாப் பொங்கிடுச்சு. தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. அதுக்கு மேல கத்தியையும் இடுப்புல செருகிக்கிட்டாரு, என் கண்ணு முன்னாலயே, நான் யாரோ வழியில போறவ மாதிரி.

சாயங்காலம் உங்கப்பாகிட்ட சொன்னேன். உன் தாளை மனப்பாடமாவே சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டே கேட்டாரு. "எழுதினது என் மகதானே?"ன்னாரு. ஆமான்னேன். "என்னைத் தலைகுனிய வைக்க அவளுக்கு ஒரு கல்லு வேண்டியிருக்கு"ன்னு சொல்லிட்டுக் கையைக் கழுவிக்கிட்டாரு.

ரெண்டு பேருக்கும் தனித்தனியாச் சொன்னதுதான் தப்புன்னு தோணுது. ஊருக்கே சொல்லிடப் போறேன். நடை திறக்கறப்போ என்னைத்தான் அம்மன் பாட்டுப் பாடச் சொல்லியிருக்காங்க. மைக் என் கையிலதான் இருக்கும். அத்தனை ஜனமும் கேட்டுட்டா, மாப்பிள்ளைக்குக் கத்தி எடுக்கக் காரணம் இருக்காது, உங்கப்பாவுக்கு நிமிந்து நிக்க இடம் இருக்காது. நீ படிச்சது எனக்கு மனப்பாடம், நானே ஒரு தாள்ல நகல் எழுதி வெச்சுட்டேன்.

கல்லைப் புதுத் தரையில நடறதுக்காகத் தோண்டி எடுத்து ரெண்டு மரக்கட்டை மேல நிறுத்தியிருக்காங்க. அடியில நீ சொன்ன மாதிரியே குழி இருந்துச்சாம், கொத்தனார் சொன்னாரு. தட்டிப் பாக்கணும்னு கை பரபரன்னு வருது. இரு, எல்லாரும் கேக்கற அன்னைக்குத் தட்டிக்கலாம்.

உன் அத்தை

•

மார்ச் 5

அத்தை,

தையற்காரம்மா முந்தாநாள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். வலது கை என்றார், முழங்கைக்குக் கீழே என்றார், அழுதார். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. மருத்துவமனைக்குப் போன் செய்தால் நீங்கள் யாரிடமும் பேசுவதில்லை என்கிறார்கள். நீங்களா? எனக்குப் பயமாக இருக்கிறது.

யார் வெட்டினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அப்பா மாப்பிள்ளை பெயரைச் சொல்லியிருக்கிறார் என்றும், ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளைதான் என்றால் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியவர்கள் பெயரும் வெளியே வர வேண்டும். நான் மேலிடத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். கல், கண், கதவு, உங்கள் கை, எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரே செய்தவர் பெயர். ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் சொன்னதும் நிரப்பி அனுப்பிவிடுவேன்.

முத்திரை போட்ட தாள் போதும் என்று நினைத்தேன். அந்தத் தாளை அனுப்பியிருக்கவே கூடாதோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்

•

மார்ச் 14

அம்மாடி,

இடது கையால எழுதறேன். எழுத்து நண்டு ஓடின மாதிரி இருக்கும். நாலஞ்சு நாளா விட்டு விட்டு எழுதறேன். நீ கல்லுல எழுதினதையே படிக்கிறவ, இதைப் படிக்க மாட்டியா?

நீ தாளை அனுப்பினது தப்பில்லை. அதை முதல்லயே சொல்லிடறேன்.

அன்னைக்குக் கூட்டம் அப்படி ஒரு கூட்டம். மாப்பிள்ளையும் சுருட்டையும் தெருவுல, அவங்க வழக்கமா நிக்கற இடத்துலயே நின்னாங்க. பாட்டுன்னு நினைச்சு மைக்கைக் குடுத்தாங்க, நான் தாளைப் பிரிச்சுப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். பால்காரர் கையில இருந்த உருண்டைக் கல்லைக் கீழ வெச்சுட்டாரு. ஒரு பெரியவர் கல்லுக்கு முன்னால நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டாரு. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன் கண்ணு. ஒரு நிமிஷம் அப்படி நினைச்சேன்.

யாரோ, "தட்டிப் பாருங்க, பேசுதா பாப்போம்"னாங்க. கொத்தனார் சின்ன உளியைத் திருப்பிப் புடிச்சுத் தட்டினாரு. டொக்குன்னுச்சு. சுத்தி வந்து தட்டினாரு. டொக். குனிஞ்சு பாத்துட்டு எழுந்தாரு, அவரு முகத்தைப் பாக்கவே முடியலை. "மூலை பேந்த இடத்துலேர்ந்து விரிசல் அடி வரைக்கும் போயிருக்கும்மா. இனிமே பேசாது"ன்னாரு.

உங்கப்பா என் கையிலேர்ந்து மைக்கை வாங்கினாரு. கத்தலை. நிதானமாப் பேசினாரு. "என் மக படிச்சது சரியாத்தான் இருக்கும். ஒத்துக்கறேன். பாட்டன் குடுத்த அம்மன் மணியைப் பேரன் சம்மட்டியால உடைச்சுட்டான். நாம அடிச்சப்பல்லாம் அது உடையலை. அவன் ஒரு அடி அடிச்சான், செத்துப்போச்சு. அதான் அம்மன் கண்ணைப் புடுங்கிட்டா. வேற என்ன சொல்லணும்?"

அவ்வளவு ஜனமும் அப்படியே திரும்பிச் சுருட்டையைப் பாத்துச்சு. அந்தப் பார்வையை நான் கதையில மட்டும்தான் கேட்டிருக்கேன். கல்லுக்கு முன்னால விழுந்து கும்பிட்ட பெரியவர் இருக்காரே, அவருதான் எழுந்து முதல் கல்லை எடுத்தாரு. கண்ணு தெரியாத பக்கத்துலேர்ந்து வந்துச்சு, அவனால விலகக்கூட முடியலை. நெத்தியில பட்டு முட்டி போட்டு உக்காந்துட்டான். அப்புறம் நாலா பக்கமும் கல்லு. திருப்பணிக் கோவில்ல கல்லுக்கா பஞ்சம். சுண்ணாம்புத் தூசி, கம்பு, கூச்சல், யாரு யாரை அடிக்கிறாங்கன்னு தெரியலை. நான் சுருட்டையைத் தூக்கப் போனேன். திரும்பினா அந்தப் பட்டைக் கத்தி மேல இருக்கு, கீழ உங்கப்பா கழுத்து. கையை நீட்டினேன். நீட்டணும்னு நினைச்சு நீட்டலை. கொதிக்கிற பாலைத் தடுக்கக் கை போகுமே, அப்படிப் போச்சு. வலிக்கவே இல்லை. உங்கப்பா சட்டையெல்லாம் ரத்தமா இருக்கேன்னு அவரைத்தான் தடவிப் பாத்தேன். எதால தடவறேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இவ்வளவு எழுதினப்புறம் யாருன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. உனக்கு மட்டும்தான் எழுதறேன்.

இங்க ஊர்ல அதுக்குள்ள நாலு கதை. அம்மனே வெட்டினான்னு ஒண்ணு. சாரத்துத் தகரம் விழுந்துச்சுன்னு ஒண்ணு. சுருட்டைதான் வெட்டினான்னு ஒண்ணு, அவன் அப்போ தரையில கிடந்தான், பாவம். உங்கப்பா மட்டும்தான் பக்கத்துல நின்னு பாத்தவரு. அவரு போலீஸ்ல பேரைச் சொல்லிட்டாரு. மாப்பிள்ளையை ஸ்டேஷன்ல உக்கார வெச்சுட்டாங்க. வெட்டுப்பட்டவங்க வாயால சொல்லணும்னு அதிகாரி இங்க வந்தாரு. "யாரும்மா?"ன்னு கேட்டாரு. நான் பேசலை. மறுநாள் வந்தாரு, பேசலை. டாக்டர் நாக்குல ஏதோ ஆயிடுச்சோன்னு டார்ச் அடிச்சுப் பாத்தாரு. ஆயா கேட்டா, பக்கத்துக் கட்டில்காரி கேட்டா, ஒரு வார்த்தை இல்லை. என் பொண்ணு, "அம்மா, நீ பேசாம இருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு"ன்னு அழுதா. எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. வாய்க்குள்ள வார்த்தை முட்டுது, ஒண்ணை விட்டா பின்னாலயே அந்தப் பேரும் வந்துடுமோன்னு பல்லைக் கடிச்சுட்டுக் கிடந்தேன்.

உங்கப்பா வந்தாரு. கட்டில் பக்கத்துல உக்காரலை, நின்னாரு. முகமெல்லாம் வத்திப்போயிருக்கு.

"எனக்காகக் கையைக் குடுத்தே. அவன் பேரைக் குடுக்க மாட்டேங்கறே. ஏன்?"

அவர்கிட்ட மட்டும் பேசினேன்.

"அண்ணே, கதவைத் திறந்தவன் யாருன்னு அந்தக் கல்லு நட்டவனுக்குத் தெரியும். ரெண்டு வரி இடம் விட்டும் எழுதாமப் போயிட்டான். எழுதாத பேருக்கே நாம இத்தனை காலம் அடிச்சிருக்கோம். நான் இப்போ ஒரு பேரைச் சொன்னா எத்தனை காலம் அடிப்பாங்க? யாரை அடிப்பாங்க? நீங்க விரலை நசுக்கினீங்களே அந்தக் குழந்தையை. அவ அந்த வீட்டுப் பொண்ணு மட்டும் இல்லை. நம்ம அம்மா மூக்கு அவளுக்கு, பாத்தீங்களா?"

பாத்ததில்லைன்னாரு.

"போயிப் பாருங்க. கதவு இல்லாத வீடுதான், தட்ட வேண்டியதில்லை."

திரும்பிப் போயிட்டாரு. கோவமாப் போனாரா வேற எப்படிப் போனாரான்னு முதுகைப் பாத்தா எனக்குத் தெரியலை. முந்தாநாள் மாப்பிள்ளையை விட்டுட்டாங்க. கூட்டத்துல சரியாப் பாக்கலைன்னு உங்கப்பா எழுதிக் குடுத்துட்டாராம். என் பொண்ணு வீட்டுக்குப் போனாரான்னு கேட்டேன். இல்லையாம்.

மாப்பிள்ளை இங்க வந்து சோறு ஊட்டிட்டுப் போறாரு. என் முகத்தைப் பாக்க மாட்டாரு, கரண்டியை மட்டும் பாத்து ஊட்டறாரு. நேத்து மூக்குல இடிச்சுட்டாரு. "கொஞ்சம் நிமிந்து பாருங்க மாப்பிள்ளை, வாய் இன்னும் இருக்கற இடத்துலதான் இருக்கு"ன்னேன். அழுதாரு. அழட்டும். சுருட்டை நெத்தியில பதினோரு தையல், பேச்சு கொஞ்சம் குழறுது. அதுக்கு யாரும் யாரையும் ஸ்டேஷன்ல உக்கார வைக்கலை. எனக்கு வயிறு எரியுது, எரியலைன்னு பொய் சொல்ல மாட்டேன். இன்னமும் ஜனங்க கல்லைக் கும்பிட்டுட்டுத் திரும்பி அவன் வீட்டுப் பக்கம் துப்பறாங்களாம்.

அதனால நல்லாக் கேட்டுக்கோ. அந்த மனுவை அப்படியே அனுப்பாதே. கண்ணுக்கும் கதவுக்கும் நியாயம் கேளு, கேக்கணும், நானும் வர்றேன். ஆனா என் கைக்கு நேரா விட்டிருக்கியே ஒரு இடம், அதை நிரப்பாதே. உன் ஆபீஸ்ல இந்தக் கோவிலைப் பத்தி எழுதறப்போ வாசல்ல ஓசைக்கல் இருக்குன்னு எழுது. குடுத்தவன் பேரை எழுது. மூலை உடைஞ்சிருக்குன்னு எழுது. உடைச்சவன் பேரை எழுதாதே.

உன் அத்தை